தாங்காத தூண்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் தூண்கள் படுத்துக் கிடக்கின்றன. பர்மாத் தேக்கில் கடைந்த தூண்கள். மேலே தூசி, கீழே முட்டுக்கொடுத்த செங்கல். பக்கத்தில் சுவரோடு சாய்த்து வைத்த நிலைக்கதவுகள், லட்சுமி செதுக்கிய உத்தரத் துண்டுகள், சுவீடனிலிருந்து வந்த எனாமல் தூக்குகள், ரசம் போன பெல்ஜியம் கண்ணாடிகள். பங்காளிகளுக்குள் பிரிக்க முடியாத வீட்டை இடித்துக் காசாக்கிய பிறகு மிஞ்சும் சாமான்கள் பலவும் இந்தத் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்துதான் ஊரை விட்டுப் போகின்றன.

வாங்க வருபவர் கையில் போன் இருக்கும். போனில் யாரோ பகிர்ந்த ஒரு வீட்டின் படம் இருக்கும். "அண்ணே, இதே மாதிரி ஜோடித் தூண் வேணும். எங்க ஹால் பத்தடி உயரந்தான். வெட்டித் தருவீங்களா?" இப்படிக் கேட்பவர்களுக்குக் குறைவில்லை. வெட்டலாம், தேக்குக்கு ஒன்றும் ஆகாது. பத்தடிக்கு வெட்டிய தூண் நகரத்து அடுக்குமாடியில் கான்கிரீட் தளத்துக்குக் கீழே, டைல்ஸ் தரைக்கு மேலே, எதையும் தாங்காமல் நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

அந்தத் தூண் பிறந்த வீட்டில் அது சும்மா நிற்கவில்லை. முற்றத்தைச் சுற்றி ஓடும் தாழ்வாரத்து ஓட்டுக்கூரையின் மொத்தப் பாரமும் அதன் தலையில் இருந்தது. காலடியில் ஒரு கருங்கல் ஆதாரம் இருந்தது. மழைநாளில் முற்றத்துத் தண்ணீர் தெறிக்கும். தினமும் தரையைக் கழுவிவிடுவார்கள். கரையான் மண்ணுக்குள்ளிருந்து ஏறும். இத்தனைக்கும் நடுவே மரம் நூறு வருஷம் நின்றது அந்தக் கல்லால்தான். இன்றைய புது வீட்டுத் தூண்களிலும் அடியில் கல் இருக்கிறது. ஆனால் பல இடங்களில் அது கல் மாதிரி சாயம் பூசிய சிமெண்ட்.

இதில் நையாண்டி செய்வது சுலபம். ஆனால் செட்டிநாடு என்ற நிலப்பரப்பே நகலெடுத்து வளர்ந்த ஊர்களின் கூட்டம். ரங்கூனையும் சிங்கப்பூரையும் கொழும்பையும் பார்த்து வந்தவர்கள், பார்த்ததைக் கொண்டுவந்து சிவகங்கைச் சீமையின் செம்மண்ணில் நட்டார்கள். இன்று நாம் அவர்களைப் பார்த்துச் செய்வதை அன்று அவர்கள் உலகத்தைப் பார்த்துச் செய்தார்கள். எதை எடுத்தார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள் என்பதுதான் கதை.

நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுக்கதை. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என ஒன்பது நகரக் கோயில்களைச் சுற்றி அவர்கள் குலம் பிரிந்தது. ஒருகாலத்தில் 96 ஊர்கள். இன்று 70க்குச் சற்று மேல். கடல் கொண்ட ஊரை விட்டு வந்ததால்தான் வீட்டை உயரத் தூக்கிக் கட்டினார்கள் என்று இன்றும் வழிகாட்டிகள் சொல்வார்கள். கதை எப்படியோ, கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் தெருவிலிருந்து படியேறித்தான் வீட்டுக்குள் போக வேண்டும்.

1852இல் கீழ்பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை கிடைத்ததும் காட்டை அழித்து வயலாக்கும் பர்மிய விவசாயிக்குப் பணம் தேவைப்பட்டது. அந்தப் பணத்தைக் கொடுத்தவர் செட்டியார். பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று அவர்களுடைய கிட்டங்கிகள் பரவின. கிட்டங்கி என்பது வீடு அல்ல. ஒரு நீளக் கூடத்தில் ஆளுக்கொரு பெட்டகமும் சாய்வு மேசையும் வைத்துக்கொண்டு, பல முதலாளிகளின் ஏஜெண்டுகள் தரையில் உட்கார்ந்து தொழில் செய்யும் இடம். அங்கே ஊர் வீட்டின் நகலை யாரும் கட்டவில்லை. குடும்பம் ஊரில் இருக்க, மூன்று வருஷக் கணக்கில் வந்து போகிறவனுக்கு முற்றம் எதற்கு?

லாபம் ஊருக்குத் திரும்பியது. 1850களிலிருந்து 1940கள் வரை கட்டிய வீடுகள்தாம் இன்று நாம் செட்டிநாட்டு வீடு என்று படம் பிடிப்பவை. மரம் பர்மாவிலிருந்து, சலவைக்கல் இத்தாலியிலிருந்து, வார்ப்பிரும்புத் தூண்களும் வளைவுகளும் பர்மிங்காமிலிருந்து, சரவிளக்கு ஐரோப்பாவிலிருந்து. கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனை 1912இல் எழுந்தது. ஒருவர் கட்டியதைப் பார்த்து அடுத்தவர் இன்னும் இரண்டு பத்தி கூட்டினார். போட்டி இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. முகப்பு மாடியில் ஐரோப்பிய நாற்காலிகளும் ஆளுயரக் கண்ணாடிகளும் துரைமார்களுக்காகக் காத்திருக்க, வீட்டார் உள்கட்டில் தரையில் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். அந்த நாற்காலிகளில் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்பது சந்தேகம். காரணம் தெரியாமல் காப்பியடிப்பது நேற்று வந்த வியாதி இல்லை.

ஆனாலும் முகப்பை நிமிர்ந்து பார்த்தால் வேறொன்று தெரியும். நடுவில் இரண்டு யானைகள் நீர் சொரியும் கஜலட்சுமி. இரண்டு பக்கமும் சுதையில் செய்த சிப்பாய்கள்: தொப்பி, பூட்ஸ், தோளில் துப்பாக்கி. சில வீடுகளில் சிறகு முளைத்த தேவதைகள். சில வீடுகளில் விக்டோரியா மகாராணியே வந்து உட்கார்ந்திருப்பார். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். கோயில் வாசலைப் பார்த்து வளர்ந்த கொத்தனுக்கு இதில் சிரிக்க என்ன இருந்திருக்கும்? வாசலில் இரு புறமும் காவல் நிற்க வேண்டும். கோயிலில் கதை ஏந்திய துவாரபாலகர். வீட்டில், அன்றைய உலகத்தின் அதிகாரமான துப்பாக்கிக்காரன். வேஷம்தான் கடன் வாங்கியது. நிற்கும் இடமும் செய்யும் வேலையும் பழையவை.

முகப்பைத் தாண்டி உள்ளே போனால் ஐரோப்பா வாசலோடு நின்றுவிட்டது புரியும். திண்ணை, அதைக் கடந்தால் வளவு, வளவின் நடுவே முற்றம், பிறகு இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, பின்வாசல். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு. தலைவாசலில் நின்று பார்த்தால் வாசல்கள் ஒரே நேர்கோட்டில் பின்வாசல் வரை ஓடும். இந்த நேர்கோடு கண்ணுக்காக மட்டும் போட்டதல்ல. காற்று ஒரு தெருவில் நுழைந்து மறு தெருவில் வெளியேறும் பாதை அதுதான்.

வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். அறை என்றால் இன்றைய படுக்கையறையை நினைத்துக்கொள்ளக் கூடாது. நகரத்தார் கணக்கில் திருமணமான ஒவ்வோர் ஆணும் ஒரு புள்ளி. கோயிலுக்கு வரி கட்டும் அலகு. கல்யாணமான மகனுக்கு வளவில் ஒரு அறை ஒதுக்கினார்கள். ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் புள்ளிக்குப் புள்ளி அடுப்பு வேறு, கணக்கு வேறு. அந்த அறையில் பெண் வீட்டார் கொடுத்த சீர்ச் சாமான்கள், பாத்திரங்கள், பூஜைப் பொருள்கள் இருந்தன. மனிதர்கள் படுத்தது வளவிலும் பட்டாலை என்னும் கூடத்திலும் மாடியிலும். ஆகவே அறைகள் சிறியவை, இருட்டானவை, தடித்த கதவு போட்டவை. பெட்டகம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. இன்று 'செட்டிநாடு பாணி' என்று கட்டுகிற சில வீடுகளில் முற்றத்தைச் சுற்றி அதே மாதிரி ஜன்னல் இல்லாத அறைகள் போட்டு, அதில் கட்டில் போட்டு, மூச்சு முட்டுகிறது என்று ஏசி மாட்டுகிறார்கள்.

முற்றத்துக்கு வருவோம். படத்தில் அதிகம் விழுவதும் அதுதான், அதிகம் கெட்டுப்போனதும் அதுதான்.

வளவின் கூரை நான்கு பக்கமும் உள்நோக்கிச் சரியும். நாட்டு ஓடு ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அடுக்கு. சித்திரை வெயிலில் கூரை காய்ந்தாலும், தடித்த சுவரும் தாழ்வார நிழலும் உள்ளே சூட்டை மட்டுப்படுத்தும். சூடான காற்று லேசானது. திறந்த முற்றத்தின் வழியாக மேலே ஏறிப் போய்விடும். அந்த இடத்தை நிரப்பத் தெருவாசல் வழியாகக் காற்று வரும். இரவில் முற்றத்துக் கல் குளிர்ந்து, விடியும்வரை வீடு குளிர்ந்திருக்கும். பகலில் அங்கே வற்றல் காயும், வடகம் காயும், நெல் காயும். ஐப்பசியில் அடை மழை பிடித்தால் நான்கு மூலையிலும் தகரத் தாரை வழியாகத் தண்ணீர் கொட்டும். கீழே அண்டாவும் கிடாரமும் வைத்துப் பிடிப்பார்கள். சமையலுக்கு அந்தத் தண்ணீர். மிச்சம் சலதாரை வழியாக வீட்டுக்கு அடியில் ஓடி, தெருவோரக் கால்வாயில் விழுந்து, ஊருணிக்குப் போகும். வடகிழக்குப் பருவமழையை நம்பியே ஆண்டை ஓட்டும் வறண்ட சீமை இது. கூரை, முற்றம், தெரு, ஊருணி எல்லாம் சேர்ந்து ஒரே தண்ணீர்ப் பாதை. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் சேர்ந்தபோது, தனி வீடுகள் மட்டுமல்லாமல் இந்த ஊர் அமைப்பும் கணக்கில் வந்தது.

இப்போது நகரத்து நகலைப் பாருங்கள். வீட்டின் நடுவே முற்றம் இருக்கிறது. மழை வந்தால் சோபா நனையுமே என்று மேலே கண்ணாடி போட்டு மூடியாகிவிட்டது. பின்புறம் பக்கத்து மனைக்காரரின் சுவர். காற்று வெளியேற வழியில்லை. வெயில் கண்ணாடி வழியாக இறங்கும், சூடு ஏற முடியாமல் உள்ளேயே சுற்றும். செடி வளர்க்கிற கண்ணாடிக் கூடத்தின் கதைதான். பிறகு முற்றத்துக்கும் சேர்த்து ஏசி. வீட்டைக் குளிர்விக்கப் பிறந்த உறுப்பைக் குளிர்விக்க மின்கட்டணம் கட்டுவதைப் போன்ற வினோதம் வேறு இருக்க முடியாது. செட்டிநாட்டிலேயே பல வீட்டு முற்றங்களில் குரங்குக்கும் திருடனுக்கும் பயந்து மேலே கம்பி அடித்திருக்கிறார்கள். கம்பி வேறு, கண்ணாடி வேறு. கம்பி வழியாகக் காற்றும் மழையும் வரும்.

தண்ணீர் விஷயத்தில் நகரத்தைத் தனியாகக் குறை சொல்ல முடியாது. 2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. நல்ல திட்டம், முறையாகச் செய்த இடங்களில் கிணறு ஊறியது. ஆனால் பக்கத்து வீட்டில் குழாய் இறங்கியதைப் பார்த்து இந்த வீட்டிலும் இறக்கியவர்கள் ஏராளம். மொட்டைமாடியிலிருந்து வந்த குழாய், குழியும் ஜல்லியும் இல்லாமல் மண்ணில் ஒரு முழம் புதைந்து அதோடு நின்றுவிட்ட வீடுகளைப் பலரும் பார்த்திருப்பார்கள். சோதனைக்கு வந்தவர் கண்ணில் குழாய் பட்டால் போதும் என்பது கணக்கு.

ஆத்தங்குடிக்குப் போனால் இதற்கு நேர் எதிரான கதை ஒன்று கிடைக்கும்.

பணக்கார வீடுகளின் சுவரிலும் தரையிலும் முதலில் ஏறியவை இங்கிலாந்திலிருந்து வந்த பீங்கான் ஓடுகள். ஜப்பான்காரன் அந்த இங்கிலாந்து ஓட்டைப் பார்த்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலிவாக நகலெடுத்து இந்தியாவுக்கு அனுப்பினான். அவனும் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்கவில்லை. இந்தியச் சந்தைக்கு என்று ரவிவர்மா பாணியில் சாமி படம் போட்ட ஓடுகளையும் செய்தான். பூ வேலைப்பாடு போட்ட ஜப்பான் ஓடுகள் இன்றும் செட்டிநாட்டு முகப்புச் சுவர்களில் பளபளக்கின்றன. தரைக்கு வண்ணச் சிமெண்ட் ஓடு போடும் வழக்கமும் 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தொடங்கி உலகம் சுற்றியது. அங்கே அதை இயந்திர அழுத்தத்தில் செய்தார்கள். அந்த அழுத்தம்தான் ஓட்டுக்கு உறுதியும் வழவழப்பும் கொடுத்தது.

ஆத்தங்குடிக்காரரிடம் அந்த இயந்திரம் இல்லை. அவர் ஒரு கண்ணாடித் துண்டை எடுத்தார். இன்றைக்கும் பட்டறையில் வேலை அப்படித்தான் நடக்கிறது. சதுரச் சட்டத்துக்குள் கண்ணாடி. அதன்மேல் பூவும் கொடியுமாகத் தடுப்புகள் கொண்ட உலோக அச்சு. சாயம் கலந்த சிமெண்ட் பாலை அகப்பையால் மொண்டு, சிவப்புக்குச் சிவப்புக் கட்டத்தில், பச்சைக்குப் பச்சைக் கட்டத்தில் ஊற்றுகிறார். கை நடுங்கக் கூடாது. அச்சை மெல்லத் தூக்குகிறார். நிறங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றுவிடும். மேலே சிமெண்டும் மணலும் கலந்த உலர்பொடியைத் தூவுகிறார். அது ஈரத்தை உறிஞ்சி நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் கலவையை நிரப்பிக் கரணையால் மட்டம் தட்டுகிறார். ஒரு நாள் காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறி வெளியே வந்தபின் கண்ணாடியைக் கழற்றினால், கண்ணாடி தொட்ட பக்கம் கண்ணாடியைப் போலவே மின்னுகிறது. சூளை கிடையாது, மின்சாரம் கிடையாது. அழுத்தம் செய்த வேலையைக் கண்ணாடியும் உலர்பொடியும் தண்ணீரும் பங்கு போட்டுக்கொண்டன. வெளியூர்ச் சரக்கைப் பார்த்து எடுத்ததுதான். ஆனால் ஓடு ஏன் பளபளக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு எடுத்தது.

அந்த ஓட்டுக்கு நடக்க நடக்கத்தான் மெருகு ஏறும். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பதும் உண்டு. சிமெண்டுக்கு அமிலம் ஆகாது. விலை கொடுத்து வாங்கிப் பதித்துவிட்டு, குளியலறை கழுவும் ஆசிட்டை ஊற்றித் தேய்த்துவிட்டு, "ஆத்தங்குடி கல்லு மங்கிப்போச்சு, ஏமாத்திட்டாங்க" என்று சொல்பவர்கள் உண்டு. அதைவிட, ஆத்தங்குடிப் பூவைக் கணினியில் அச்சடித்துத் தொழிற்சாலையில் சுட்ட ஓடு தேவலை. அது ஆசிட்டைத் தாங்கும்.

சுவர்ப்பூச்சின் கதையும் கிட்டத்தட்ட இதுவே. செட்டிநாட்டுச் சுவரைக் கன்னத்தில் ஒத்திக்கொள்ளலாம், அத்தனை வழவழப்பு. ரகசியம் என்ன என்று கேட்டால் எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்வார்கள்: முட்டை. வெள்ளைக்கரு சேர்த்தார்கள் என்பது உண்மை. கடைசிப் பூச்சில், கொஞ்சம். அதற்கு முன்னால் சுண்ணாம்பை நீற்றி, நாள்கணக்கில் ஊறவிட்டு, செக்கிலிட்டு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிப் புளித்த நீரைச் சேர்த்து, ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்த பூச்சாக ஏற்றி, கடைசியில் வழவழப்பான கல்லால் கை ஓயத் தேய்த்தார்கள். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சித் திரும்பவும் கல்லாவது மெதுவாக நடக்கும் காரியம். அவசரப்படுத்த முடியாது. முட்டையை மட்டும் பிடித்துக்கொண்டு, சிமெண்ட் சுவரில் ஒரு வாரத்தில் செட்டிநாட்டுப் பூச்சு எதிர்பார்ப்பவருக்கு ஆம்லெட்தான் லாபம்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. மிளகாயை அள்ளிப் போட்டுக் கண்ணீர் வரவழைத்தால் அது 'செட்டிநாடு' என்று உலகம் முழுக்கப் பெயர்ப்பலகை தொங்குகிறது. கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு என்று கடல் வழியும் மலை வழியும் வந்த வாசனைகளை அளந்து சேர்த்த சமையல் அது. அரிசி கழுவிய நீரில் செய்கிற மண்டி, கவுனி அரிசி, கும்மாயம், வெள்ளைப் பணியாரம் எதிலும் காரம் மண்டையைத் தாக்காது. நகரத்தார் கல்யாணப் பந்தியோ சைவம்.

அந்த வீடுகளைக் கட்டிய பணம் நின்றுபோன விதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடனை அடைக்க முடியாத விவசாயிகளின் நிலம் செட்டியார் பெயருக்கு மாறியது. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்வாசி வயல் அவர்கள் கையில். கேட்காத சொத்து, பர்மியரின் கோபத்தோடு வந்த சொத்து. 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது. 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம். 1962இல் ராணுவ ஆட்சி வந்த பிறகு மிச்சமிருந்ததும் போனது. ஊரில் வளவுகள் பூட்டப்பட்டன. ஒரு வீட்டுக்கு இன்று எத்தனையோ புள்ளிகள், எத்தனையோ கையெழுத்துகள். ஒருவர் கலிபோர்னியாவில், ஒருவர் கோலாலம்பூரில். பழுது பார்க்க ஒருவர் சம்மதித்தால் இன்னொருவர் சம்மதிக்க மாட்டார். அப்படித்தான் தூண்கள் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வருகின்றன.

செட்டிநாட்டு வீடு மாதிரி கட்ட ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் கார்த்திகைக்கும் மாசிக்கும் நடுவே, வெயில் இதமாக இருக்கும்போது வந்து, படம் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். ஐப்பசியில் வாருங்கள். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ தங்க இடம் தரும் பழைய வீடுகள் இருக்கின்றன. மழை பிடிக்கும்வரை வளவில் உட்கார்ந்திருங்கள். தண்ணீர் எந்த மூலையில் விழுந்து எந்தத் துளை வழியாகப் போகிறது என்று பாருங்கள். முடிந்தால் சித்திரையில் ஒரு பகலும் இருந்து பாருங்கள். சந்தேகம் வந்தால் வீட்டில் இருக்கும் ஆச்சியிடம் கேளுங்கள். சொல்வார்கள், காபியும் தருவார்கள்.